'சந்தேஷ்' பெற்றெடுத்த துப்பறிவாளர்

சத்யஜித் ராய் என்றதும் நம்மில் பலருக்கு 'பதேர் பாஞ்சாலி' படமும் ஆஸ்கார் விருதும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கல்கத்தாவில் வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு அவர் முதலில் ஃபெலுடா கதை எழுதியவர்; சினிமாக்காரர் என்பதெல்லாம் அப்புறம்தான். நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், 'தேஷ்' பத்திரிகையின் பூஜை மலர் வந்தால் அதை யார் முதலில் படிப்பது என்று பிள்ளைகளுக்குள் பெரிய போட்டியே நடக்கும்.

உலகப் புகழ் பெற்ற டைரக்டர், சிறுவர்களுக்கு மர்மக்கதை எழுத வந்த காரணம் சுவாரஸ்யமானது. அவருடைய பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி 1913-ல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையைத் தொடங்கினார். வங்காளியில் அந்தச் சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள், இனிப்பு என்றும் பொருள். அவருக்குப் பின் மகன் சுகுமார் ராய் நடத்தினார். சுகுமார் 1923-ல் காலமானபோது சத்யஜித்துக்கு வயது இரண்டுதான். பத்திரிகையும் பிற்பாடு நின்றுபோயிற்று.

1961-ல், தமது 40-வது வயதில், கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயாவுடன் சேர்ந்து ராய் அதை மறுபடி தொடங்கினார். பத்திரிகை என்றால் மாதாமாதம் விஷயம் வேண்டுமே! அதனால் அவரே எழுத உட்கார்ந்தார். அந்த ஆண்டே விஞ்ஞானி புரொபசர் ஷோங்கு பிறந்தார். 1965-ல் ஃபெலுடா வந்தார். 1992-ல் ராய் மறையும் வரை எழுதி முடித்த ஃபெலுடா கதைகள் 35.

1970 முதல் கடைசி வரை அவர் வசித்தது பிஷப் லெஃப்ராய் ரோடு வீட்டில். புத்தகங்கள் குவிந்த அறையில் நாற்காலியில் சாய்ந்து, மடியில் பலகை வைத்துக்கொண்டு எழுதுவார். கடைக்காரர்கள் கணக்கெழுதும் சிவப்புத் துணி அட்டை நோட்டுதான் அவருக்கும். டெலிபோன் அடித்தால் அவரே எடுப்பார். மணி அடித்தால் பெரும்பாலும் கதவைத் திறப்பவரும் அவரே. மேல்நாட்டு சங்கீதத்தில் அபாரப் பற்று. எழுத்துரு வரைவதில் இன்னொரு பித்து. 'ராய் ரோமன்' என்ற அவருடைய ஆங்கில எழுத்துரு 1971-ல் சர்வதேசப் போட்டியில் பரிசு பெற்றது. தம் கதைகளுக்குப் படமும் தாமே வரைந்தார்.

ஃபெலுடாவின் முழுப்பெயர் பிரதோஷ் மித்தர். 'டா' என்றால் அண்ணா. வீடு 21, ரஜனி சென் ரோடு. நம்மவர்கள் நிறையப் பேர் வாழ்ந்த லேக் மார்க்கெட் பக்கம்தான். கதையைச் சொல்பவன் அவருடைய தம்பி முறையான தோப்ஷே. குரு என்று அவர் மதிப்பது ஷெர்லக் ஹோம்ஸை.

ரயில்வேக்காரனான எனக்கு ராயின் கதைகளில் பிடித்தது ரயில்தான். 'பாக்ஸோ ரஹஸ்ய'வில், டெல்லியிலிருந்து வரும் கால்கா மெயிலில் ஒருவருடைய பெட்டி இன்னொருவர் பெட்டியோடு மாறிவிடுகிறது. (2021-ல் அந்த வண்டிக்கு நேதாஜி எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.) முதல் வகுப்பு அறையில் நான்கு படுக்கைகள். ஆகவே விசாரிக்க வேண்டியவர் மீதி மூவர். எவ்வளவு கச்சிதமான கணக்கு! 'சோனார் கெல்லா'வில் ஜெய்சல்மேர் வண்டிக்காக ராம்தேவ்ரா ஸ்டேஷனில் இரவில் காத்திருக்கிறார்கள். அந்நாளில் மீட்டர் கேஜாக இருந்த அந்தப் பாலைவனப் பாதை கண்முன் வந்துவிடும்.

அதே கதையில்தான் ஜடாயு அறிமுகமாகிறார். ராமாயணத்துப் பறவையின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்ட லால்மோகன் கங்கூலி, தாமும் ஒரு மர்ம நாவலாசிரியர். விற்பனை அமோகம், தகவல்தான் தாறுமாறு. ஒட்டகம் வயிற்றில் தண்ணீரைச் சேமித்து வைக்கிறது என்று எழுதிவிடுவார். அது தவறு, திமிலில் இருப்பது கொழுப்பு என்று ஃபெலுடா திருத்துவார். சிரித்துக்கொண்டே படிக்கும் பிள்ளை சரியான விஷயத்தையும் தெரிந்துகொண்டுவிடும். ஜடாயு குடியிருப்பதாகச் சொல்லும் கர்பார், ராய் பிறந்த இடம். மர்மக்கதைக்காரரைக் கேலி செய்யப் புகுந்தவர் தம் சொந்தப் பேட்டையிலேயே அவருக்கு வீடு கொடுத்திருக்கிறார்!

படிப்பவர்கள் சிறுவர்கள் என்பதை ராய் மறக்கவில்லை. ஆபாசம் கிடையாது, ரத்தக்களரியில் ருசி காட்டுவதும் கிடையாது. பழைய சிலை, பூர்வீக மோதிரம், கையெழுத்துப் பிரதி என்று திருட்டுப் போகும் பொருளைத் தேடும் சாக்கில் லக்னோ, காசி, காங்டாக், எல்லோரா என்று தேசத்தையே சுற்றிக்காட்டிவிடுவார். அதனால்தான் அப்பா, பிள்ளை, பாட்டி மூவரும் ஒரே புத்தகத்துக்குச் சண்டை போட முடிந்தது.

நமக்கும் குறைவில்லை. தேவனின் துப்பறியும் சாம்பு, தமிழ்வாணனின் தேநீர்ப் பிரியர் சங்கர்லால் ஆகியோரோடு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இங்கே பிறந்த நம் பேரன் பேத்திகள் வங்காளியில் ஃபெலுடா படிக்கிறார்கள், ஆங்கிலத்தில் ஹோம்ஸ் படிக்கிறார்கள். தமிழில் கோயில் பெயர்ப்பலகையைப் படிக்கவே எழுத்துக் கூட்டுகிறார்கள். திருக்குறளை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம், நல்ல காரியம்தான். ஆனால் அடுத்து என்ன ஆயிற்று என்று தவித்துத் தானாகப் பக்கத்தைப் புரட்டும் பழக்கம் மனப்பாடத்தால் வருமா?

எனக்குத் தோன்றுவது இது. நமது இதழில் இரண்டு பக்கம் சிறுவர்களுக்கென்று ஒதுக்கி, ஒரு மர்மத் தொடர்கதை போடலாம். பெரிய எழுத்து, எளிய தமிழ், கதை நடப்பது கல்கத்தாவிலேயே. விடையைக் கண்டுபிடித்துத் தமிழில் எழுதி அனுப்பும் பிள்ளைக்குப் பொங்கல் விழாவில் ஒரு புத்தகம் பரிசு. எழுத ஆள் எங்கே என்று கேட்பீர்கள். சிறுவர் பத்திரிகைக்கு விஷயம் வேண்டும் என்பதற்காகவே 40 வயதுக்கு மேல் கதை எழுத உட்கார்ந்த ஒருவரைத்தான் இத்தனை நேரம் பார்த்தோம். நம் சங்கத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கா பஞ்சம்? முதல் அத்தியாயத்துக்கு ஹவுரா ஸ்டேஷனையும் ரயில் விவரங்களையும் தர நான் தயார்.