நோயாளியைக் கேட்காமல் ஃபார்வர்டு செய்யாதீர்கள்

“அவசரம்! நவி மும்பை சான்பாடாவில் ஒரு அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. உதவுங்க.” அதற்குக் கீழே அவருடைய போட்டோ, முழுப்பெயர், வீட்டு எண், கணவரின் செல்போன் எண், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், ஒரு கியூஆர் கோடு. இப்படி ஒரு செய்தி குடியிருப்பு சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தால், இரக்கப்பட்டு உடனே நாலு குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறோம். இதற்கெல்லாம் அந்த அக்கா சம்மதித்தாரா?

சமூக ஊடகத்தால் உயிர் காக்க முடியும் என்பதற்கு மும்பையே சாட்சி. 2021இல் அந்தேரியைச் சேர்ந்த ஒரு கைக்குழந்தைக்கு எஸ்எம்ஏ என்ற மரபணு நோய். சோல்ஜென்ஸ்மா என்ற மருந்தின் ஒரு டோஸ் சுமார் 16 கோடி ரூபாய். பெற்றோர் சமூக ஊடகத்தில் வேண்டுகோள் விடுத்தார்கள்; முகம் தெரியாதவர்களும் பணம் அனுப்பினார்கள். ஒன்றிய அரசு சுமார் 6 கோடி ரூபாய் வரிக்கு விலக்கு அளித்தது. பிப்ரவரியில் ஹிந்துஜா மருத்துவமனையில் குழந்தைக்கு மருந்து செலுத்தப்பட்டது.

ஆனால் சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு, எச்ஐவி போன்றவை ஆண்டுக்கணக்கில் கூடவே இருப்பவை. இந்த நோயாளிகளுக்குப் பணத்தோடு துணையும் வேண்டும்: டயாலிசிஸுக்குக் கூட வர ஒருவர், மாத்திரையை நினைவூட்ட ஒருவர். குழு இதற்குத்தான் பயன்பட வேண்டும்.

உரிமைகள்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் எச்ஐவி சட்டப்படி, ஒருவருக்கு எச்ஐவி இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. எச்ஐவி உள்ளவர்கள் மீது வெறுப்பைப் பரப்பினால் 2 ஆண்டுகள் வரை சிறை. மனநல சிகிச்சை பெறுபவரின் தகவலையும் போட்டோவையும் அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குக் கொடுப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடுக்கிறது.

ஆபத்துகள்

“இந்தக் கஷாயம் குடித்தால் இன்சுலினே வேண்டாம்” என்ற ஒரு வீடியோவை நம்பி ஊசியை நிறுத்தியவர் சுயநினைவிழந்து ஐசியுவில் முடியலாம். சர்க்கரை நோய், புற்றுநோய், வலிப்பு ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மந்திரப் பரிகாரச் சட்டம் தடைசெய்கிறது.

உண்மையான நோயாளியின் போட்டோவுக்குக் கீழே மோசடிக்காரர்கள் தங்கள் கியூஆர் கோடை ஒட்டிவிடுவதும் உண்டு. “கிட்னி தருகிறேன், இவ்வளவு லட்சம்” என்று யாராவது இன்பாக்ஸில் வந்தால் ஒதுங்கிவிடுங்கள். உறுப்பை விற்பவர், வாங்குபவர், இடைத்தரகர் எல்லோருக்கும் 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறை.

தீர்வுகள்

மோசடியில் பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பொய் மருந்து விளம்பரங்களை மாநில உணவு, மருந்து நிர்வாகத்திடமும், நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் செய்யலாம். சம்மதமின்றிப் போட்ட பதிவை நீக்க, அந்தச் சமூக ஊடகத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் ஒன்றிய அரசின் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். மனம் தளர்ந்தால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் பேசலாம்.

ஊரெல்லாம் பணம் கேட்பதற்கு முன், மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்ய திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் ஆரோக்யமித்ரா உதவி மேசைக்குப் போய் விசாரியுங்கள். டயாலிசிஸும் இத்திட்டத்தில் அடக்கம். ரேஷன் கார்டும் ஆதாரும் கையில் இருக்கட்டும்.

செய்தியை எப்படி எழுதுவது?

நோயாளியிடம் கேட்டு, அவர் ஒப்புக்கொண்டதை மட்டும் எழுதுங்கள். “சான்பாடாவில் ஒருவருக்கு வியாழன் காலை டயாலிசிஸுக்குத் துணை வேண்டும். வர முடிந்தவர்கள் என் எண்ணுக்குத் தனியாகச் சொல்லுங்கள்” என்று எழுதினாலே போதும். பெயர், ரிப்போர்ட், வீட்டு எண் எதுவும் தேவையில்லை. பணம் தருவதென்றால் மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் கேட்டு உறுதிசெய்து, மருத்துவமனைக் கணக்கிலேயே செலுத்துங்கள். தேவை தீர்ந்ததும் “உதவி கிடைத்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்” என்று அதே குழுவில் எழுதிவிட்டு, பழைய செய்தியை அழித்துவிடுங்கள். குழு அட்மின்கள் இதையே விதியாக எழுதி முகப்பில் பின் செய்து வைக்கலாம்.