சம்பளமில்லாத ஞாயிறுகள்

பிரிக்பீல்ட்ஸில் ஞாயிறு காலை கார் நிறுத்த இடம் தேடியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய சோதனை என்று. அந்தச் சோதனையில் பாதியைக் குறைத்துவைப்பவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். ஒளிரும் அங்கியை மாட்டிக்கொண்டு கிறிஸ்தவ ஆலய வாசலில் நிற்கிறார்கள். பாட்டிமார் வரும் வண்டியை முதலில் உள்ளே விடுகிறார்கள், சக்கர நாற்காலியை இறக்கக் கை கொடுக்கிறார்கள், தாமதமாக வருபவர்களைப் பக்கத்துச் சந்துக்கு அனுப்பிவைக்கிறார்கள். விடுமுறை நாளில் பத்து மணிக்கு முன்னால் எழுப்பினால் சண்டைக்கு வரும் அதே பிள்ளைகள்தான் இவர்கள்!

உள்ளேயும் அவர்கள்தான். திரையில் பாடல் வரிகளை மாற்றுவது, ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்வது, கீபோர்ட் வாசிப்பது, பீடத்தில் உதவுவது, சின்னவர்களுக்கு மறைக்கல்வி நடத்துவது எல்லாம் இளையவர்கள் கையில் இருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் இளைஞர் குழு என்பார்கள், மெதடிஸ்ட் சபைகளில் வாலிபர் ஐக்கியம் என்பார்கள். வேலை ஒன்றுதான்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி ஆலயங்கள் மூடியபோது, வழிபாட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரும்பங்கு இந்தத் தலைமுறைக்கு உண்டு. அதுவரை ‘கைப்பேசியைக் கீழே வை’ என்று திட்டு வாங்கியவர்கள், ஆளில்லாத ஆலயத்தில் கேமராவை நிறுத்தி, நேரலைக்கு ஒலியைச் சரிசெய்து, தாத்தாவுக்கு யூடியூப் திறக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கட்டுப்பாடு முடிந்த பிறகும் பல ஆலயங்களில் கேமரா அகற்றப்படவில்லை, அதை இயக்கிய பிள்ளைகளும் விலகவில்லை.

இவர்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது? மலேசியாவில் அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்குப் போகிறது. சாரணர் இயக்கம், சீருடை அணி, திடல் விளையாட்டு என்று பள்ளிக்கூடம் கணக்கு வைக்கிற வாழ்க்கை அது. ஆலயத்தில் மூன்று ஆண்டு குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாலும் அந்தக் கணக்கில் ஏறாது. அதுதான் இந்தச் சேவையின் சுகம் என்று தோன்றுகிறது. வாரம் முழுக்க மதிப்பெண்ணால் அளக்கப்படும் ஒரு பெண், ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் யாரும் அளக்காத வேலையைச் செய்கிறாள். அந்த முகத்தில் தெரியும் மலர்ச்சியைப் பெற்றோர் வியந்து பார்க்கிறார்கள்.

திருவிழாக் காலத்தில் அது இன்னும் கூடும். புடு புனித அந்தோணியார் ஆலயம், 1910இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த தாய் ஆலயம். ஜூன் 13 நெருங்கினால் அங்கே கூட்டம் கட்டுக்கடங்காது. கிள்ளானில், ஜாலான் தெங்கு கிளானாவின் பூக்கடை, பலகாரக்கடை வரிசைக்கு அருகே, 1928இல் கட்டிமுடித்த லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரம் நிற்கிறது. அதன் திருவிழா பிப்ரவரி 11ஐ ஒட்டி வரும். இத்தகைய பெருவிழாக்களில் பவனிக்குக் கயிறு பிடிப்பது, தண்ணீர் கொடுப்பது, மயங்கி விழுந்தவரை நிழலில் உட்காரவைப்பது, நள்ளிரவில் குப்பை கூட்டுவது என்று வேலைக்குப் பஞ்சமே இல்லை. படித்த பிள்ளைகள் துடைப்பத்தைக் கையில் எடுக்கத் தயங்குவதில்லை. ஒரு விழாவில் சேர்ந்து கூட்டியவர்கள் பத்து வருடத்துக்கு நண்பர்களாக இருக்கிறார்கள். திருமணத்தில் முடிந்த நட்புகளும் உண்டு.

ஆலயச் சுவருக்கு வெளியே நடந்ததையும் சொல்லவேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை வெள்ளம் மூழ்கடித்தது. மக்கள் மாடியிலும் கூரையிலும் நாள்கணக்கில் தவித்தார்கள். நாடெங்கும் ஐம்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்த பேரிடர் அது. பள்ளிவாசல், கோயில், குருத்துவாரா, தேவாலயம் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் தொண்டர்கள் இறங்கினார்கள். வெள்ளம் வடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. முழங்கால் அளவு சேற்றை வாளியில் அள்ளுவது, ஊறிப்போன மெத்தையை நான்கு பேராகத் தெருவுக்கு இழுப்பது, சுவரைத் தேய்ப்பது. தத்தம் வீட்டில் ஒரு தட்டுக் கழுவாத பையன்கள் அங்கே யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையைக் கழுவினார்கள். உணவுப் பொட்டலத்தை ஹலால் கடையில் வாங்குவது, கொடுக்கிற இடத்தில் மதம் பேசாதிருப்பது என்ற இரண்டு நெறிகளையும் பல சமய மக்கள் அக்கம்பக்கமாக வாழும் இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இவை எல்லாவற்றிலும் அவர்களை ஆழமாகத் தொடுவது வேறொன்று. அது வீடு தேடிப் போகும் சேவை.

கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரத்தின் பல ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் 1980களிலும் 90களிலும் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குக் குடியேறினார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட, நான்காம் மாடியில், பழுதான மின்தூக்கிக்கு மேலே, தனியாக இருக்கும் பாட்டிகள் இன்று ஏராளம். வின்சென்ட் தே பவுல் சபையின் மூத்தவர்களோடு இளைஞர்கள் அரிசியும் பால்மாவும் சுமந்து படியேறுகிறார்கள். 1833இல் பாரிசில் அந்தச் சபை தொடங்கியபோது அதன் முதன்மை நிறுவனருக்கு 20 வயது, அவர் ஒரு கல்லூரி மாணவர். ஆகவே இளையவர்கள் இந்தப் படிகளில் ஏறுவது புதுமை அல்ல, அந்தச் சபை பிறந்த விதமே அதுதான்.

பாட்டி அரிசிப் பையைப் பார்ப்பதில்லை. “பசியாறிட்டியா தம்பி?” என்று கேட்டு, கையைப் பிடித்து உட்காரவைத்து, தோட்டத்துக் கதையை ஆரம்பிக்கிறார். பிறகு, ஒரு ஜெபம் சொல்லேன் என்கிறார். அங்கேதான் தம்பி திணறுகிறான். அவனுக்கு ஜெபம் ஆங்கிலத்தில்தான் வரும்.

சேவை செய்யும் இளையவர்களின் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது தமிழைப் பற்றிய கவலை தானாக வந்துவிடுகிறது. அதைத் தள்ளிவைக்க முடியவில்லை. பல ஆலயங்களின் திரையில் தமிழ்ப் பாடல்கள் இன்று ஆங்கில எழுத்தில் ஓடுகின்றன. பாடகர் குழுவின் கோப்பிலும் அப்படித்தான். வாய் தமிழைப் பாடுகிறது, கண் தமிழைப் பார்ப்பதே இல்லை. வாசகம் வாசிக்க ஆள் கேட்டால் ஆங்கிலத் திருப்பலிக்குக் கைகள் உயர்கின்றன. தமிழ்த் திருப்பலிக்கு வருடக்கணக்காக ஒரே நான்கு பேர் வாசிக்கிறார்கள், அவர்களுக்கும் வயதாகிறது.

பிள்ளைகளைக் குறை சொல்வது நியாயமில்லை. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு வேண்டுமென்றால் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்கவேண்டும். அது சேர்ந்தாலும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுப்பது அவரவர் விருப்பம். ஆறாம் ஆண்டுக்குப் பிறகு எழுத்தையே தொடாத பிள்ளை, எசாயாவின் நீண்ட வாக்கியங்களை நிறைந்த சபைக்கு முன் வாசிக்க எப்படித் துணிவான்?

கடவுளுக்கு எல்லா மொழியும் புரியும், சேவைதான் முக்கியம், எந்த மொழித் திருப்பலியில் நின்றாலும் அவர்கள் நம் பிள்ளைகள்தானே என்பவர்கள் உண்டு. கடவுளுக்குப் புரியும். நான்காம் மாடிப் பாட்டிக்குப் புரியவேண்டுமே! மரணப்படுக்கையில் இருப்பவருக்குச் சின்ன வயதில் கற்ற ஜெபம்தான் வேண்டும், அதன் மொழிபெயர்ப்பு அல்ல.

மலாயாவின் தமிழ்க் கிறிஸ்தவம் வளர்ந்ததே இப்படிப்பட்ட தொண்டர்களால்தான். பாதிரியார் எப்போதாவது வரும் தோட்டங்களில் உபதேசியார்களே மணி அடித்து, ஜெபமாலை சொல்லி, பிள்ளைகளுக்கு அகரமும் மந்திரமும் சேர்த்துக் கற்பித்தார்கள். தரங்கம்பாடித் திருச்சபையின் வழிவந்த லுத்தரன்களும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பங்களும் பிரிக்பீல்ட்ஸில் சபைகளை நிலைநிறுத்தியதும் தாய்மொழியில்தான். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே பேட்டையில் கார்களுக்கு வழிகாட்டுகிறார்கள். தொண்டு வந்துசேர்ந்திருக்கிறது, மொழி பாதி வழியில் நின்றுவிட்டது.

இதைச் சரிசெய்யச் சேவையே நல்ல வாய்ப்பு. சொற்பொழிவு கேட்டு யாரும் தமிழ் படிக்கமாட்டார்கள், ஒரு பொறுப்பு கையில் இருந்தால் படிப்பார்கள். கத்தோலிக்கத் திருப்பலியின் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றில் உலகெங்கும் ஒன்றாகவே வருகின்றன. எந்த ஞாயிறு எந்த வாசகம் என்பது ஓராண்டுக்கு முன்பே தெரியும். பதினைந்து வயதுப் பெண்ணிடம் ஒரு பகுதியைக் கொடுத்து, ‘இது உன்னுடையது, மூன்று மாதம் இருக்கிறது’ என்றால் அவள் எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவாள். திரையில் தமிழ் எழுத்து மேலேயும் ஆங்கில எழுத்து கீழேயுமாக இரண்டையும் போடுவதற்குச் செலவே இல்லை. வீடு தேடிப் போகும் குழுவுக்கு நான்கு தமிழ் ஜெபங்களை மனப்பாடம் செய்யவைப்பது ஒரு மாத வேலை. மெதடிஸ்ட், லுத்தரன் சபைகளின் ஓய்வுநாள் பள்ளியிலும் இதைச் செய்யலாம்.

சொல்லித்தர ஆளும் இருக்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆலயங்களில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் வாரந்தோறும் வழிபாட்டுக்கு வருகிறார்கள். அவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. வழிபாடு முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக் கலையும் நேரத்தில் அரை மணியை ஒதுக்கி, அவர்களையும் பீடப்பணிப் பிள்ளைகளையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் பொறுப்பை யார் ஏற்பது என்று பங்குப் பேரவைகளும் சபைக் குழுக்களும் அடுத்த கூட்டத்திலேயே பேசவேண்டும்.