நான்காம் ஆண்டு யாருக்கு?

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியானதும், வணிகவியல் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர்களின் வீடுகளில் ஒரு விவாதம் தொடங்கிவிடுகிறது. உள்ளூர்க் கல்லூரியில் மூன்றாண்டு பி.காம். படிப்பதா அல்லது தில்லி போன்ற ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு பி.காம். ஹானர்ஸ் படிப்பில் சேர்வதா என்பதே அது. 'ஹானர்ஸ்' என்ற சொல்லின் கவர்ச்சிக்கு இந்த விவாதத்தில் பெரும் பங்கு உண்டு.

அந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. இன்டர்மீடியட் முடித்தவர்களுக்குப் பழைய சென்னைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு பி.ஏ. ஹானர்ஸ் இருந்தது. அதில் தேறியவர்கள் பின்னர் எம்.ஏ. பட்டத்துக்கும் உரியவர்களானார்கள். தாத்தாக்கள் அந்தச் சொல்லை மரியாதையுடன் உச்சரிப்பதற்குக் காரணம் அதுதான். இன்றைய ஹானர்ஸை அந்த அளவுகோலால் அளக்க முடியாது.

தில்லியில் இந்தப் படிப்புக்கு நீண்ட மரபு உண்டு. அதன் அடையாளமாகக் கருதப்படும் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி 1926-இல் தொடங்கப்பட்டது. 2011-இல், பள்ளியில் வணிகவியல் பயிலாதவர்களுக்கு 100 சதவீதம் என்று 'கட்-ஆஃப்' அறிவித்து அக்கல்லூரி நாட்டையே திகைக்க வைத்தது. 2022 முதல் 'க்யூட்' நுழைவுத் தேர்வின் வழியே சேர்க்கை நடைபெறுகிறது.

அதே 2022-இல்தான் நான்காம் ஆண்டும் வந்தது. திரும்பி வந்தது என்பதே சரி. 2013-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அறிமுகப்படுத்திய நான்காண்டுத் திட்டம் கடும் எதிர்ப்புக்குப் பின் 2014-இல் கைவிடப்பட்டது. புதிய தேசியக் கல்விக் கொள்கை அதற்கு மறுவாழ்வு அளித்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் வரையறைப்படி, மூன்றாண்டில் 120 கிரெடிட் பெற்றால் இளநிலைப் பட்டம்; நான்காண்டில் 160 பெற்றால் ஹானர்ஸ். முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுதி, ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ் பெறலாம். தில்லியிலோ, ஒரே துறையை முதன்மையாகப் பயின்றவர்கள் மூன்றாண்டில் வெளியேறினாலும் ஹானர்ஸ் பட்டமே பெறுகிறார்கள். ஆக, வெறும் பெயருக்காக அங்கே நான்காம் ஆண்டு தங்க வேண்டியதில்லை.

அப்படியானால் அந்த ஓராண்டு யாருக்குப் பயன்படும்? ஆய்வில் நாட்டம் உள்ளவர்களுக்குப் பயன் நிச்சயம். நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவர்கள் முதுநிலைப் பட்டம் இல்லாமலேயே முனைவர் பட்ட ஆய்வுக்கும் 'நெட்' தேர்வுக்கும் விண்ணப்பிக்கலாம். எம்.காம். படிக்க விரும்பினால், ஓராண்டு முதுநிலைப் படிப்பு நடத்தும் இடங்களில் இரண்டாண்டு ஓராண்டாகக் குறையும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, முதுநிலைச் சேர்க்கைக்குப் பதினாறு ஆண்டுக் கல்வியை எதிர்பார்க்கின்றன. அங்கே செல்ல எண்ணுவோருக்கு நான்காண்டுப் பட்டம் ஒரு தடையை நீக்கும்.

மற்றவர்கள் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். வங்கித் தேர்வு, குடிமைப் பணித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப்-1 ஆகியவற்றுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். ஹானர்ஸுக்குத் தனிச் சலுகை கிடையாது. ஐ.ஐ.எம்.களுக்கான 'கேட்' தேர்வுக்கும் மூன்றாண்டுப் பட்டமே போதுமானது. பட்டயக் கணக்காளராக விரும்புவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 55 சதவீதம் பெற்ற வணிகவியல் பட்டதாரி, ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரடியாக இன்டர்மீடியட்டில் சேரலாம். அதற்குச் சாதாரண பி.காம். போதும். பயிற்சிக் காலம் 2023 முதல் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்திருக்கிறது. நான்காம் ஆண்டில் செலவிடும் காலம், அந்தப் பயிற்சியில் பாதிக்குச் சமம்.

பணத்தின் பக்கமும் இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரியை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கு ஓராண்டு என்பது கல்லூரிக் கட்டணம் மட்டுமல்ல. விடுதிச் செலவு, ரயில் கட்டணம், இழந்துபோகும் ஓராண்டுச் சம்பளம் எல்லாம் சேர்ந்ததே. மூத்த பெண்ணின் ஊதியத்தை நம்பித் தம்பியின் படிப்பு காத்திருக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'க்யூட்' தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால், உள்ளே நுழைந்தபின் வகுப்பறையில் தமிழ் இருக்காது. தமிழ்வழியில் பயின்ற மாணவருக்கு முதலாண்டு கடினமாகவே இருக்கும். அதற்காக அஞ்சி ஒதுங்க வேண்டும் என்பதில்லை. பல மாநில மாணவர்களுடன் பழகுவதும், பெருநிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆளெடுப்பதும் உள்ளூரில் எளிதில் கிடைக்காதவை. என் பார்வையில் தில்லியின் உண்மையான ஈர்ப்பு அந்தச் சூழல்தான். அதை மூன்றாண்டிலேயே பெற்றுவிட முடியும்.

நல்லவேளையாக, நான்காம் ஆண்டைப் பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆறாம் பருவ மதிப்பெண் கையில் வந்தபின் அதைத் தீர்மானித்துக்கொள்ளலாம். இப்போது செய்ய வேண்டியது, சேரவிருக்கும் கல்லூரியிடம் இரண்டு கேள்விகளைக் கேட்பதுதான். மூன்றாண்டில் வெளியேறினால் சான்றிதழில் என்ன பெயர் அச்சிடப்படும்? நான்காம் ஆண்டில் வணிகவியல் ஆய்வேட்டுக்கு வழிகாட்ட, அங்கீகாரம் பெற்ற நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?