மகன் கேட்ட கம்ப்யூட்டரும் நான் அடுக்கிய இட்லித் தட்டும்

பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகன் கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஆறு மாதமாக நச்சரிக்கிறான். பத்தாவதோடு நின்றவள் நான். கம்ப்யூட்டர் என்றால் கம்ப்யூட்டர்தானே, அதில் என்ன தனி ஜாதி என்றுதான் முதலில் நினைத்தேன்.

காந்திபுரம் போய் விலை விசாரித்துக்கொண்டு ஒரு தாளோடு வந்தான். மொத்தம் 85 ஆயிரம். அதில் கிராபிக்ஸ் கார்டு என்ற ஒன்றுக்கு மட்டும் 30 ஆயிரத்துக்கு மேல்.

"அப்படி என்னடா இருக்கு அதுல?"

"ம்மா, ஸ்கிரீன்ல 20 லட்சத்துக்கும் மேல புள்ளி இருக்கு. ஒரு செகண்டுக்கு 60 தடவ ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன கலர்னு கணக்குப் போடணும். நம்ம கிரைண்டருக்கு மோட்டார் மாதிரிம்மா."

கோயமுத்தூர்க்காரியிடம் கிரைண்டர் மோட்டாரைச் சொன்னால் புரியாமல் இருக்குமா? ஆனால் மோட்டார் என்றதுமே எனக்குக் கரண்ட் பில் ஞாபகம் வந்துவிட்டது. விளையாடும்போது 500 வாட் வரை இழுக்குமாம். தினம் நாலு மணி நேரம் என்றால் 2 யூனிட், இரண்டு மாத பில்லில் 120 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டினால் நம் மின்வாரியக் கணக்கே வேறு என்பது குடும்பத் தலைவிகளுக்குத் தெரியும்.

அதைவிட வேறொரு வருத்தமும் இருந்தது. போன வருஷம் பால் காசுக்கும் சிலிண்டருக்கும் வைத்திருந்த 1,850 ரூபாயை, என் போனிலிருந்தே எடுத்து ஏதோ ஒரு விளையாட்டில் துப்பாக்கிக்குக் கலர் சட்டை வாங்கிவிட்டான். பால்காரர் வாசலில் நிற்கிறார், போனில் பணம் இல்லை. நான் அடிக்கவில்லை. இரண்டு நாள் பேசவில்லை, அவ்வளவுதான். பொங்கலுக்கு மாமன் கொடுத்த பணத்தைக் கொண்டுவந்து அரிசி டப்பா மேல் வைத்துவிட்டுப் போனான். ஆனாலும் மனசு ஆறவில்லை. ஆன்லைன் ரம்மியில் குடும்பமே அழிந்த செய்திகளை நம் மாநிலத்தில் எத்தனை படித்திருக்கிறோம்! 2022-ல் சட்டசபையில் தடைச் சட்டம், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலும் சட்டம் என்று வந்தது சும்மாவா?

"அது பணம் வெச்சு ஆடற சூதும்மா. இது வேற" என்று வாதாடினான். 2023-ல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதற்குப் பதக்கமே கொடுத்தார்களாம். நீ பதக்கமா வாங்கப் போகிறாய் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் மகளின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டான். "ஒரே ஒரு கேம் பாரும்மா" என்றான். பெயர் 'வெண்பா'. கனடாவில் டொரன்டோவில் இருக்கிற நம்மவர்கள் 2023-ல் உருவாக்கியதாம். மறு வருஷம் இங்கிலாந்தின் பாஃப்டா விருதும் வாங்கியிருக்கிறது. சுடுகிற வேலையே இல்லை. எண்பதுகளில் கனடா போய்க் குடியேறிய ஒரு தமிழ் அம்மா, அவளுடைய அம்மா கொடுத்த சமையல் நோட்டு. நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. மிச்சத்தை நாம் யோசித்துச் சமைக்க வேண்டும்.

முதலில் இட்லி. தட்டு அடுக்குகிற இடத்தில் என் மகன் திணறுகிறான். அடக் கண்ணு, குழிக்கு மேல் குழியை வைத்தால் ஆவி எங்கே போகும், கீழ் இட்லி உப்ப இடம் ஏது? "மேல் தட்டைத் திருப்பி, இட்லிக்கு மேல ஓட்டை வர்ற மாதிரி வைடா" என்றேன். வைத்தான், வெந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே கொஞ்சம் பெருமைதான்.

கதை போகப் போக அந்தப் பையன் தமிழை விட்டு விலகிப் போகிறான். அம்மா தனியாக நிற்கிறாள். குக்கர் நாலு விசில் அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை. எங்கம்மா கையால் எழுதிய நோட்டும் பீரோவில் எண்ணெய்க் கறையோடு கிடக்கிறது. அன்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன்.

"இதுக்குப் பெரிய கார்டு வேண்டாமே, இந்த லேப்டாப்பே போதுமே?" என்று மடக்கினேன். சிரித்துவிட்டான்.

வீட்டுக்காரர் இங்கே கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். அவர்தான் ஒரு வழி சொன்னார். டிராயிங் போடுகிற கம்ப்யூட்டருக்கும் இதே மாதிரி கார்டு வேண்டுமாம். பையனுக்கோ மெக்கானிக்கலில் ஆசை. ஒரேயடியாக வாங்காமல் பெட்டி, போர்டு, பிராசஸர் மட்டும் இப்போது, கார்டு பிளஸ் டூ முடிந்த பிறகு. பிராசஸரிலேயே சின்ன கிராபிக்ஸ் உள்ளதாகப் பார்த்தால் அதுவரை ஓடும். பவர் சப்ளை மட்டும் பின்னால் வரும் கார்டையும் தாங்குகிற மாதிரி முதலிலேயே வாங்கிவிட வேண்டும் என்று மகன் குறுக்கே புகுந்தான். தை மாதச் சீட்டுப் பணம் 40 ஆயிரம் அதற்குப் போகிறது. என் தையல் மிஷினுக்கு மோட்டார் போட வைத்திருந்த பணம் அது. பரவாயில்லை, இன்னும் ஒரு வருஷம் காலால் மிதிக்கிறேன். என் போனின் ரகசிய எண்ணை மட்டும் மாற்றிவிட்டேன்.

இப்போது சண்டை, மேஜையை எங்கே போடுவது என்பதில். அவன் தன் ரூமில் என்கிறான். நான் ஹாலில், சமையலறையிலிருந்து ஸ்கிரீன் தெரிகிற மாதிரி என்கிறேன்.

- ஒரு வாசகி, கணபதி, கோவை-6