பழைய தொழிலும் புதிய தூரிகையும்

முதுமையிலோ நடுவயதிலோ ஓவியமோ சிறுகதையோ தொடங்குவோர் சில மாதங்களில் அதை விட்டுவிடுவதைக் காண்கிறோம். திறமைக் குறைவே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், ஒரு கலையை விடாது தொடர்வதற்கான ஆற்றல் பல வேளைகளில் அக்கலைக்கு வெளியே, முன்னர் செய்த தொழிலிலிருந்து வருகிறது. அமெரிக்க ஓவியர் அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் இதற்குத் தக்க சான்று.

'பாட்டி மோசஸ்' எனப் பின்னாளில் புகழ்பெற்ற இவர் 1860ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் நாட்டுப்புறத்தில் பிறந்தார். இளமையிலேயே பிறர் வீடுகளில் வேலை செய்தார். மணமானபின் பண்ணையில் உழைத்தார். வெண்ணெயும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து விற்றார். முதுமையில் கம்பளி நூலால் துணியில் காட்சிகளைத் தைத்துவந்தார். மூட்டுவலியால் ஊசி பிடிக்க இயலாமற்போகவே தூரிகையை எடுத்தார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

அவர் வேலை செய்த முறையை உற்றுநோக்க வேண்டும். பல பலகைகளை ஒருசேர வைத்துக்கொண்டு, முதலில் எல்லாவற்றிலும் வானத்தைத் தீட்டுவார். பிறகு மலை, மரம், வீடு, கால்நடை, இறுதியாக மனிதர் என மேலிருந்து கீழிறங்குவார். குழைத்த வண்ணம் வீணாகாது. அவர் எந்த ஓவியப் பள்ளியிலும் பயின்றவரல்லர். ஒரே நாளில் பல போத்தல்களில் பழப்பாகு நிரப்பும் சமையலறையின் ஒழுங்குமுறை இது என்றே எனக்குத் தோன்றுகிறது. படத்தின் அளவுக்கேற்ப விலை வைத்ததும் பண்டம் விற்றவரின் வழக்கமே. மேப்பிள் மரச்சாறு காய்ச்சுதல், சோப்புக் காய்ச்சுதல் போன்ற, தாம் நன்கறிந்த வேலைகளையே அவர் வரைந்தார்.

வட்டாரக் கண்காட்சி ஒன்றுக்குப் பழப்பாகையும் ஓவியங்களையும் அனுப்பினார். பழப்பாகுக்குப் பரிசு கிடைத்தது, ஓவியங்களுக்கு ஒன்றுமில்லை. விளைச்சல் பொய்த்தாலும் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைத்துப் பழகியவர், வரைவதை நிறுத்தவில்லை. 1938இல் மருந்துக்கடைக் கண்ணாடிக்குள் இருந்த அவருடைய படங்களைக் கலைப்பொருள் சேகரிப்பாளர் ஒருவர் கண்டு வாங்கினார். 1940இல், எண்பதாம் வயதில், நியூயார்க் நகரில் அவருடைய தனிக்கண்காட்சி நடைபெற்றது. 1961இல் மறைவதற்குள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்திருந்தார்.

நம் தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டியவர்களை நினைத்துப் பார்ப்போம். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மறுநாளும் விடியுமுன் எழ வேண்டும். இப்பழக்கம் உடையவர் கதை எழுத முற்பட்டால், ஒரே இரவில் முழுக் கதையையும் எழுதி முடிக்கத் துடிக்கமாட்டார். நாளுக்கு ஒரு பக்கம் போதும் என்பதைக் கை அறிந்திருக்கும்.

எல்லாப் பழக்கமும் துணைசெய்யும் என்பதற்கில்லை. நெடுங்காலம் அலுவலகக் கடிதம் எழுதியவருக்குச் சிறுகதையின் உரையாடல் எளிதில் கைவராது; குறித்த நாளில் முடித்துத் தரும் கட்டுப்பாடு மட்டும் அவருக்கு உதவும். கட்டுரைப் பயிற்சி தொடங்கும் ஆசிரியர், மாணவர் வீட்டிலும் திடலிலும் ஏற்கெனவே பொறுமையாகச் செய்யும் வேலை எது என்று முதலில் கேட்டறியலாம். தலைப்பைப் பிறகு கொடுக்கலாம்.