கடலைத் திரும்பப் பெற்ற தீவு



பிரான்ஸ் நாட்டின் வடமேற்கே, நார்மண்டிக் கரையோரம் ஒரு சின்னப் பாறைத் தீவு இருக்கிறது. பெயர் மோன் சான் மிஷேல். 'புனித மிக்கேல் மலை' என்று பொருள். சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாது. அதன் உச்சியில் ஆயிரம் ஆண்டுப் பழமையான துறவியர் மடம். ஒருநாள் சுற்றுலாவாக அங்கே போய் வருவோமா? புறப்படும் முன், அன்று கடல் எத்தனை மணிக்கு ஏறும் என்று அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே அது மிக முக்கியம்.

ஓதம் பற்றிப் புவியியலில் படித்திருப்பீர்கள். நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல்நீர் ஏறி இறங்குகிறது. இந்த விரிகுடாவில் அது தினம் இரண்டு முறை நடக்கும். பவுர்ணமி, அமாவாசை கழிந்த ஓரிரு நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 14 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். நாலு மாடிக் கட்டடத்தின் உயரம்! தரை தட்டையாக இருப்பதால், இறங்கும்போது கடல் 15 கிலோமீட்டர் வரைகூடப் பின்வாங்கிவிடும். கண்ணுக்கு எட்டிய தூரம் ஈர மணல்தான்.

திரும்பி வரும்போது கடல் குதிரைப் பாய்ச்சலில் வரும் என்பார்கள். அது கொஞ்சம் மிகை. ஆள் விறுவிறுவென்று நடக்கும் வேகம்தான். அப்படியானால் தப்பிவிடலாம் என்று எண்ணாதீர்கள்! நீர் நேராக வராது. தாழ்வான ஓடைகளில் புகுந்து, நம் முதுகுக்குப் பின்னால் போய்ச் சூழ்ந்துகொள்ளும். புதைமணல் வேறு. 11ஆம் நூற்றாண்டில் நூலால் தைக்கப்பட்ட புகழ்பெற்ற பேயோ சித்திரத் துணியில், இந்த மலைக்குப் பக்கத்தில் மணலில் புதையும் வீரர்களை ஹெரால்ட் என்ற ஆங்கிலேயப் பிரபு இழுத்துக் காப்பாற்றும் காட்சி இருக்கிறது. எனவே வழிகாட்டி இல்லாமல் மணலில் இறங்கவே கூடாது.

வண்டியைக் கரையிலேயே நிறுத்திவிட்டு, பாலத்தின் மேல் நடந்தோ பேருந்திலோ போக வேண்டும். நுழைவாயிலில் இரண்டு பழைய பீரங்கிகளைப் பார்க்கலாம். 1434இல் முற்றுகையிட்டுத் தோற்ற ஆங்கிலேயர் விட்டுச் சென்றவை அவை. நூறாண்டுப் போர் முழுவதிலும் இந்தத் தீவை அவர்களால் பிடிக்கவே முடியவில்லை. கடலே அகழி ஆயிற்றே!

குறுகிய கடைத்தெருவைத் தாண்டினால் படிகள், படிகள், மேலும் படிகள். மூச்சு வாங்கும். நின்று நின்று ஏறுங்கள்.

708ஆம் ஆண்டில் ஒபேர் என்ற ஆயரின் கனவில் மிக்கேல் அதிதூதர் மூன்று முறை தோன்றி, இங்கே ஆலயம் கட்டச் சொன்னாராம். இது கதை. 966இல் பெனடிக்ட் சபைத் துறவிகள் வந்து குடியேறினார்கள். இது வரலாறு. 1023இல் பெரிய ஆலயம் கட்டத் தொடங்கினார்கள். கூரான பாறை உச்சியில் எப்படிக் கட்டுவது? உச்சியை வெட்டித் தள்ளவில்லை. அதைச் சுற்றிக் கீழ்நிலை அறைகளைக் கட்டி, அவற்றின் தலைமேல் ஆலயத்தை உட்கார வைத்தார்கள். கருங்கல் ஷோசே தீவுகளிலிருந்து படகில் வந்தது. எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. 1103இல் ஒரு பக்கச் சுவர் இடிந்து விழுந்தது. மீண்டும் கட்டினார்கள்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் மடம் சிறைச்சாலை ஆனது. அங்கே ஆளுயரத்தைவிடப் பெரிய மரச்சக்கரம் ஒன்று இருக்கிறது. கைதிகள் அதற்குள் நின்று நடந்துகொண்டே இருக்க வேண்டும். சக்கரம் சுழலும், கயிறு சுற்றும், மூட்டைகள் கீழிருந்து மேலே ஏறும். எனக்கென்னவோ, அந்தச் சக்கரத்தின் முன்னால் நின்றால் மற்ற அழகெல்லாம் கொஞ்சம் மறந்துபோகும். 1863இல் சிறை மூடப்பட்டது.

இப்போது மேல் முற்றத்திலிருந்து கீழே பாருங்கள். நாம் வந்த பாலம் தெரிகிறதா? அதற்கு முன் அங்கே ஒரு மண் சாலை இருந்தது. பயணிகள் கால் நனையாமல் வரட்டும் என்று 1879இல் கடலுக்குக் குறுக்கே போட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சாலை நீரோட்டத்தைத் தடுத்தது. கடல் கொண்டுவந்த மணலும் சேறும் திரும்பிப் போகாமல் தங்கின. அருகில் பாயும் குவேனோன் ஆற்றின் குறுக்கே 1969இல் கட்டிய அணையும் சேர்ந்துகொண்டது. தீவைச் சுற்றிப் புல் முளைத்து, ஆடு மேயும் நிலம் நெருங்கி வந்தது. இப்படியே விட்டிருந்தால் தீவு தீவாக இருந்திருக்காது.

எனவே சாலையை எடுத்துவிட முடிவு செய்தார்கள். ஆற்றில் 2009 முதல் புதிய அணை இயங்குகிறது. கடல் ஏறும்போது நீரைப் பிடித்து வைத்து, இறங்கியபின் வேகமாகத் திறந்துவிட்டு மணலைக் கடலுக்கே தள்ளுகிறது. 2014இல் மெல்லிய தூண்கள் மேல் பாலம் வந்தது. தண்ணீர் அடியில் தாராளமாகப் போகலாம். பழைய சாலையைத் தோண்டி எடுத்தார்கள்.

அதோ, தூரத்தில் ஒரு வெள்ளிக்கோடு தெரிகிறது பாருங்கள். கடல் வருகிறது! இன்று பெரிய ஏற்றமாக இருந்தால் தீவின் வாசலையொட்டிய பாதையையும் மூடிவிடும். நீர் இறங்கும்வரை யாரும் வெளியே போக முடியாது. நாமும் மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.