0.6 விநாடி உலகம்

லம்பிரிட்ஜ் கோட்டையின் சமையற்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். இன்று பிரபுவுக்குப் பிறந்தநாள். கேக் செய்ய மாவும் இல்லை, பாலும் இல்லை, முட்டையும் இல்லை. உதவுகிறேன் என்று வாய்விட்டுவிட்டால் வேலை உங்கள் தலையில். வயலுக்குப் போய்க் கோதுமை பறிக்க வேண்டும். காற்றாலையின் உச்சி மாடி ஏறி, கோதுமையைத் தொட்டியில் கொட்டி, நெம்புகோலை இழுத்துவிட்டு, மறுபடி கீழே இறங்கி வந்து மாவைப் பானையில் அள்ள வேண்டும். பானை கொண்டு போகாவிட்டால் மாவு கைக்கு வராது. பாலுக்கு வாளியுடன் பசுவிடம் போக வேண்டும். முட்டை கோழிப் பண்ணைத் தரையில் கிடக்கும். மூன்றையும் கொண்டு வந்து கொடுத்தால் சமையல் திறனில் 300 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளிகள் கிடைக்கும். ஒன்றாம் லெவலில் இருந்தவர் நேரே நான்காம் லெவலுக்குப் போய்விடுவார்.

'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' விளையாட வருகிறவர்களில் பலருக்கு முதல் வேலை இதுதான். டிராகன்களும் மந்திரவாதிகளும் உலவும் கற்பனை உலகத்தில் ஆரம்பப் பாடம் மாவரைப்பது! எனக்கு இது மிகவும் பிடித்த ஆரம்பம். கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு பொருளும் எங்கேயோ விளைந்தது, யாரோ வெட்டியது, யாரோ உருக்கியது என்று வந்த அரை மணி நேரத்திலேயே புரிந்துவிடுகிறது.

பல பேர் ஒரே உலகத்துக்குள் நுழைந்து விளையாடும் இந்த வகைக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற விளையாட்டில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் வந்தது. ஆண்ட்ரூ கோவர் என்ற கேம்பிரிட்ஜ் இளைஞர் தன் சகோதரருடன் சேர்ந்து, சாதாரண பிரவுசரிலேயே ஓடும்படி அதைச் செய்தார். காலப்போக்கில் விளையாட்டு அடையாளம் தெரியாமல் மாறிப்போனது. பழையதே வேண்டும் என்று கேட்டவர்களுக்காக 2013இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 4 லட்சத்துக்கும் மேல் வாக்கு விழுந்தது. 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியைத் தூசு தட்டி எழுப்பினார்கள். அதுதான் 'ஓல்டு ஸ்கூல்'. 2018 முதல் செல்போனிலும் ஓடுகிறது. ஒரு பகுதி இலவசம், மீதிக்குச் சந்தா.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, எந்த வாள் நல்லது என்பது. அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கே இந்த உலகம் நேரத்தை எப்படி அளக்கிறது என்று தெரிய வேண்டும்.

நீங்கள் ஒரு மரத்தைத் தொட்டதும் கோடரி விழுவதில்லை. உங்கள் திரையில் இருப்பது வெறும் காட்சி. உண்மையான உலகம் எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. அந்தச் சர்வர் 0.6 விநாடிக்கு ஒருமுறைதான் கண் திறந்து, இந்த இடைவெளியில் யார் யார் என்ன கேட்டார்கள் என்று பார்த்து, எல்லாவற்றையும் வரிசையாக நடத்தி முடிக்கிறது. இந்த ஒரு துடிப்புக்கு 'டிக்' என்று பெயர். நடந்தால் ஒரு டிக்குக்கு ஒரு கட்டம், ஓடினால் இரண்டு கட்டம். மரம் வெட்டும்போது 4 டிக்குக்கு ஒருமுறை, அதாவது 2.4 விநாடிக்கு ஒருமுறை, கட்டை கிடைத்ததா இல்லையா என்று சர்வர் ஒரு பகடை உருட்டுகிறது. அந்த இடைவெளியில் மரத்தைப் பத்து முறை தட்டினாலும் ஒன்றும் வேகமாகாது.

இவ்வளவு மெதுவாக ஏன் வைத்தார்கள்? 2001இல் பெரும்பாலான வீடுகளில் டயல்-அப் இணைப்பு. அது மெதுவானது. ஆனால் இணைப்பு எவ்வளவு நல்லதானாலும் தூரத்தால் வரும் தாமதம் போகாது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் லண்டனில் இருக்கிறது, நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டுத் தூரமே சுமார் 8,200 கிலோமீட்டர். போய்வர மட்டும் 80 மில்லி விநாடிக்குக் குறையாது. கேபிள்கள் கடலுக்கடியில் வளைந்து வளைந்து போவதால் நடைமுறையில் அதைவிட அதிகம். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் இந்தத் தாமதம் ஆளைக் கொன்றுவிடும். 600 மில்லி விநாடிக்கு ஒருமுறை மட்டுமே கணக்குப் பார்க்கும் உலகத்தில் அது உறைப்பதே இல்லை. சுமாரான போனும் சுமாரான இணைப்பும் வைத்திருப்பவருக்கு இந்த விளையாட்டை நான் தயங்காமல் சொல்வேன்.

வாள் விஷயத்துக்கு வருவோம். இருகை வாள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஒரு வீச்சுக்கு 7 டிக் பிடிக்கும், 4.2 விநாடி. சிமிட்டர் என்ற வளைவாள் 4 டிக்கில் வீசிவிடும். ஒவ்வொரு வீச்சுக்கும் சர்வர் இரண்டு பகடை உருட்டுகிறது. அடி பட்டதா என்பது முதல் பகடை. பட்டால் உங்கள் உச்ச வரம்புக்குள் எவ்வளவு என்பது இரண்டாவது. அதிக முறை உருட்டுகிறவருக்குச் சராசரி நிலையாக இருக்கும். ஆகவே தொடக்கத்தில் சிமிட்டரே வாங்குங்கள். கூடவே ஒரு முக்கோணத்தை மனதில் வையுங்கள்: வாள் வில்லை வெல்லும், வில் மந்திரத்தை வெல்லும், மந்திரம் வாளை வெல்லும். கனமான இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு மந்திரவாதியிடம் போய் நிற்காதீர்கள்.

இந்த விளையாட்டின் அழகே லெவல் கணக்கில் இருக்கிறது. மரம் வெட்டும் திறனை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மரத்தில் ஒரு கட்டைக்கு 25 எக்ஸ்பி. இரண்டாம் லெவலுக்கு 83 போதும். நாலு கட்டை வெட்டினால் வந்துவிடும். பத்தாம் லெவலுக்கு மொத்தம் 1,154. ஐம்பதுக்கு 1,01,333. உச்சமான 99க்கு 1,30,34,431. அதே சாதாரண மரத்தையே வெட்டிக்கொண்டு 99க்குப் போக 5 லட்சத்து 21 ஆயிரத்துக்கு மேல் கட்டைகள் வேண்டும்.

இந்த எண்களைத் தரும் சூத்திரத்தின் உள்ளே இருப்பது இதுதான்: ஒவ்வொரு 7 லெவலுக்கும் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. கூட்டு வட்டி வளர்வதுபோலத்தான். முதலில் கண்ணுக்கே தெரியாது, பிறகு மூச்சு முட்டும். 85ஆம் லெவலுக்கு 32,58,594. 92ஆம் லெவலுக்கு 65,17,253. அதாவது 99க்குப் போகும் பாதையில் சரிபாதி 92இல்தான் வருகிறது. பழைய ஆட்டக்காரர்கள் '92தான் பாதி' என்று சொல்லிக்கொள்வது வேடிக்கைக்கு அல்ல, அச்சு அசலான கணக்கு.

இந்த வளைவு புதியவருக்குச் சாதகமானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு பேருக்கு நடுவே பல மாத இடைவெளி இருந்தாலும் லெவலில் அது சிறியதாகத்தான் தெரியும். ஆரம்ப லெவல்களோ சில மணி நேரத்தில் வந்துவிடும். லெவல் ஏற ஏற நல்ல மரங்களும் திறக்கின்றன. 15இல் ஓக் மரம், கட்டைக்கு 37.5 எக்ஸ்பி, 30இல் வில்லோ, 67.5, 60இல் யூ மரம், 175. ஒரே திறனைப் பிடித்துக்கொண்டு மலையேறாமல், முதல் வாரத்தில் எல்லாவற்றையும் 20, 30 வரை தொட்டுப் பாருங்கள். மீன் பிடிக்கத் தெரிந்தால் சாப்பாடு, சாப்பாடு இருந்தால் சண்டையில் உயிர். சுரங்கம் தெரிந்தால் தாது, உலைவேலை தெரிந்தால் வாள். ஒன்றுக்கு ஒன்று கைகொடுக்கும்.

அடுத்தது அதிர்ஷ்டம். இங்கேதான் புத்திசாலிகளும் தடுமாறுகிறார்கள். அபிஸ்ஸல் டீமன் என்று ஓர் அரக்கன், ஆறு மாதம் கழித்துச் சந்திக்க வேண்டியவன். அவனைக் கொன்றால் புகழ்பெற்ற ஒரு சாட்டை கிடைக்கும் வாய்ப்பு 512இல் 1. அப்படியானால் 512 பேரைக் கொன்றால் சாட்டை நிச்சயம் என்று தோன்றும். தோன்றுவது தப்பு. ஒவ்வொரு முறையும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 511/512. அதை 512 முறை பெருக்கிப் பாருங்கள். விடை சுமார் 0.37. நூறு பேர் ஆளுக்கு 512 முறை கொன்றால் 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். 1,024 முறை கொன்றாலும் 13, 14 பேருக்குக் கிடைத்திருக்காது. சர்வருக்கு ஞாபகசக்தி கிடையாது. இத்தனை நேரம் கிடைக்கவில்லை, ஆகவே இனி சீக்கிரம் கிடைக்கும் என்பதில் உண்மையே இல்லை.

எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்காக உயிரினங்கள் எவ்வளவு விடாப்பிடியாக உழைக்கும் என்பதைப் புறாக்களை வைத்து அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் அன்றே காட்டியிருக்கிறார். சீரான இடைவெளியில் இரை கிடைத்த புறா, இரை நின்றதும் சீக்கிரம் ஓய்ந்துவிட்டது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத புறா கொத்திக்கொண்டே இருந்தது. சூதாட்ட இயந்திரம் இயங்குவதும் இதே கணக்கில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11இல் விளையாட்டு அடிமைத்தனமும் இடம்பெற்றிருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் விளையாடினால், 'இந்தப் பொருள் கிடைத்ததும் எழுந்துவிடுகிறேன்' என்ற பேச்சை ஏற்காதீர்கள். எழுந்திருக்க வேண்டிய நேரத்தைக் கடிகாரம் முடிவு செய்யட்டும், பகடை முடிவு செய்யக் கூடாது.

பணத்துக்கு வருவோம். வாரக் நகரத்தில் 'கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்' என்ற சந்தை இருக்கிறது. விற்கும் விலையைச் சொல்லிப் பொருளைப் போட்டுவிட்டுப் போகலாம். அந்த விலைக்கு ஆள் வந்ததும் தானாக விற்றுவிடும். நீங்கள் பிடித்த மீனை உலகின் இன்னொரு மூலையில் இருப்பவர் வாங்குவார். தங்கக் காசுகள் அரக்கர்கள் சாகும்போது புதிதாகப் பிறக்கின்றன. கடையில் செலவழிக்கும்போதும், சந்தையில் விற்பனை வரி கட்டும்போதும் மறைகின்றன. பிறப்பது மறைவதைவிட மிஞ்சினால் விலைவாசி ஏறும். அசல் பொருளாதாரத்தில் நடப்பதேதான். வெனிசுவேலாவின் பணம் மதிப்பிழந்து போன காலத்தில் அந்நாட்டு இளைஞர்கள் பலர் இந்த விளையாட்டில் டிராகன் கொன்று, சேர்த்த தங்கத்தை டாலருக்கு விற்றுக் குடும்பத்துக்குச் சோறு போட்டார்கள். விதிப்படி அது குற்றம், கணக்கு முடக்கப்படும். ஆனாலும் அவர்கள் பக்கத்து நியாயத்தை நான் மறுக்கமாட்டேன்.

தங்கத்துக்கு இப்படி நிஜ மதிப்பு இருப்பதால்தான் திருடர்களும் இருக்கிறார்கள். சந்தை வாசலில் நின்று 'காசைக் கொடு, இரட்டிப்பாக்கித் தருகிறேன்' என்பார்கள். 'கவசத்துக்கு இலவசமாகத் தங்கக் கரை போட்டுத் தருகிறேன்' என்பது இன்னும் பழைய வித்தை. கவசத்தைக் கொடுத்தால் ஆளும் போச்சு, கவசமும் போச்சு. பண்டமாற்றின்போது உறுதிப்படுத்த இரண்டாவது திரை ஒன்று வரும். அதை நிதானமாகப் படியுங்கள்; முதல் திரையில் இருந்த பொருள் இரண்டாவதில் காணாமல் போயிருக்கலாம். வடக்கே இருக்கும் 'வைல்டர்னெஸ்' காட்டுக்குள் மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொல்லலாம். அங்கே செத்தால் சாதாரணமாக விலை உயர்ந்த மூன்று பொருள் மட்டும் உங்களிடம் மிஞ்சும், மீதி கொன்றவனுக்கு. அந்தப் பக்கம் 'சும்மா வா, ஒரு இடம் காட்டுகிறேன்' என்று அழைக்கும் நண்பரை நம்பாதீர்கள்.

சமையற்காரர் வேலை முடிந்ததும் நேரே போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. பார்பேரியன் கிராமத்தின் நடுவில் ஒரு பள்ளம். இறங்கினால் 'ஸ்ட்ராங்ஹோல்டு ஆஃப் செக்யூரிட்டி' என்ற நான்கு அடுக்கு நிலவறை. அங்கே கதவுகள் சாவியால் திறப்பதில்லை, கேள்வி கேட்கின்றன. உன் பாஸ்வேர்டை யாரிடம் சொல்லலாம்? சந்தேகமான இணைப்பு வந்தால் என்ன செய்வாய்? சரியான பதில் சொன்னால்தான் வழி. கணக்கைக் காப்பது எப்படி என்ற பாடத்தை விதிமுறைப் பக்கத்தில் புதைக்காமல் நிலவறையாகவே கட்டியிருக்கிறார்கள். இந்த விளையாட்டில் எனக்கு மிகப் பெரிய மரியாதை அந்தக் கட்டுமானத்தின் மீதுதான். முதல் அடுக்கில் கோப்ளின்களும் ஓநாய்களும் இருக்கும், கீழே போகப் போக எலும்புக்கூடுகளும் பேய்களும். பை நிறையச் சமைத்த மீன் எடுத்துக்கொண்டு, எதனுடனும் சண்டைக்கு நிற்காமல் ஓடுங்கள். முதல் மூன்று அடுக்குகளில் 2,000, 3,000, 5,000 என்று மொத்தம் 10,000 தங்கக் காசு. கடைசி அடுக்கில் ஒரு ஜோடி பூட்ஸ். புதியவருக்கு அந்த 10,000 நல்ல பணம். சிமிட்டர் வாங்கியது போக மீதியை வங்கியில் போட்டுவிடுங்கள்.